புச்சிபாபு: நாற்பதாண்டு வாழ்வும் காணாத ஓர் ஆட்டமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனத் தென்புறநகரின் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மூன்று குச்சிகளை ஊன்றிக்கொண்டு நிற்கும் இளைஞர்களைக் காணாமல் வீடு திரும்ப இயலாது. ஏரிக்கரையும் பள்ளித்திடலும் விற்கப்படாத மனைகளும் அவர்களுக்கு ஆடுகளங்கள். அவர்களுள் சற்றுத் தேர்ந்தவர்களிடம் புச்சிபாபு என்று சொன்னால், அது ஒரு கோப்பையின் பெயர் என்பார்கள். வெளிமாநில அணிகளும் வந்து ஆடும் பழைய போட்டி அது என்பதையும் சிலர் அறிவர். அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதும், நாற்பது வயதிற்குள் அவர் மறைந்தார் என்பதும், எந்த ஆட்டத்திற்காக இருபது ஆண்டுகள் உழைத்தாரோ அந்த ஆட்டத்தை அவர் கண்ணால் காணவே இல்லை என்பதும் அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? கோப்பைகளுக்குப் பெயர் சூட்டுவதில் உள்ள கேடு இது. பெயர் வெள்ளியில் நிலைத்துவிடுகிறது, மனிதர் மறைந்துவிடுகிறார்.

அவருடைய முழுப் பெயர் மோதவரப்பு வேங்கட மகிபதி நாயுடு. 1868ஆம் ஆண்டில் பிறந்தவர். வீட்டார் அழைத்த புச்சிபாபு என்னும் செல்லப்பெயரே ஊர்ப்பெயராகி, பிறகு வரலாற்றுப் பெயராகவும் ஆயிற்று. மயிலாப்பூர் லஸ் பகுதியில், லஸ் ஹவுஸ் என வழங்கிய பெருமனையில் வளர்ந்தார். தெலுங்கு பேசும் துபாஷிக் குடும்பம் அது.

துபாஷி என்னும் சொல்லை இலக்கிய அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருமொழியாளன் என்பதே அதன் பொருள். ஆங்கில வணிகனுக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் இடையே நின்று, இவன் சொல்லை அவனுக்கும் அவன் சொல்லை இவனுக்கும் மாற்றித் தந்து, அந்த மாற்றத்தில் பொருளும் செல்வாக்கும் ஈட்டியவர்கள் துபாஷிகள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அவ்வாறு நின்றார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பால் தமிழுக்கு ஓர் அரிய உரைநடை கிடைத்தது. சென்னையில் பச்சையப்ப முதலியார் அவ்வாறு நின்றார். அவர் விட்டுச் சென்ற அறக்கொடையால் கல்விச்சாலைகள் எழுந்தன. புச்சிபாபுவின் காலத்தில் துபாஷிகளின் பொற்காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆங்கிலம் கற்ற வழக்கறிஞரும் அரசு ஊழியரும் அந்த இடைநிலையைப் பறித்துக்கொண்டனர். ஆயினும், இரு உலகங்களுக்கு நடுவே நின்று ஒன்றை மற்றொன்றுக்குப் பெயர்த்துத் தரும் பழக்கம் அந்தக் குடும்பத்தின் குருதியில் எஞ்சியிருந்தது எனலாம். அவர் பெயர்த்தது சொல்லை அன்று, ஓர் ஆட்டத்தை.

பிள்ளைப் பருவத்தில் ஆங்கிலச் செவிலியர் அவரையும் உடன்பிறந்தாரையும் சேப்பாக்கத்திற்கு அழைத்துச் சென்று ஆட்டம் காட்டினர் என்பது அக்குடும்பத்தைப் பற்றி வழங்கிவரும் செய்தி. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மாலைக் காற்று வாங்கப் போன இடத்தில், பச்சைப் புல்வெளியில் வெள்ளுடை தரித்த வெள்ளையர்கள் மட்டையும் பந்துமாக ஓடிக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று பார்த்தனர். அந்த எல்லைக்கோட்டின் வரலாற்றைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846ஆம் ஆண்டில் தோன்றியது. அலெக்சாண்டர் அர்பத்நாட் அதன் மூலவர். 1865ஆம் ஆண்டில் சேப்பாக்கம் திடல் அதன் கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாபின் அரண்மனை வளாகத்தின் பகுதியாக ஒரு காலத்தில் இருந்த நிலம் அது. நவாபின் மரங்கள் நிழல் தந்த இடத்தில் ஆங்கிலேயரின் ஓய்வுக்கூடம் எழுந்தது. கிளப்பின் உறுப்பினர் யாவரும் ஐரோப்பியர். இந்தியர் அங்கே உழைக்கலாம், மண்ணைச் சமன்படுத்தலாம், புல்லுக்கு நீர் ஊற்றலாம், எல்லைக்கு வெளியே போன பந்தை ஓடி எடுத்துத் தரலாம். எதிரணியாக வந்து ஆடிய இந்தியர்க்கும் ஓய்வுக்கூடத்தின் படி ஏற உரிமை இல்லை. உணவு இடைவேளையில் ஆங்கிலேயர் கூடத்துள்ளும் இந்தியர் மரத்தடியிலுமாக அமர்ந்தனர்.

மரத்தடி என்பது தமிழர்க்கு இழிவான இடமன்று. கல்வியும் வழக்கும் கூத்தும் மரத்தடியில் நிகழ்ந்த நாடு இது. ஆனால் தானே விரும்பிச் சென்றமரும் நிழலுக்கும், உன் இடம் அதுவே என்று பிறர் சுட்டிய நிழலுக்கும் வேறுபாடு உண்டு. புச்சிபாபுவின் நெஞ்சில் தைத்தது அதுதான். செல்வமும் கல்வியும் ஆங்கிலமும் குதிரையேற்றமும் அனைத்தும் இருந்தும், ஒரு படிக்கட்டு மட்டும் இல்லை.

இத்தகைய அவமதிப்பை ஏற்ற மனிதன் செய்யக்கூடியவை சில. வெறுத்து ஒதுங்கலாம். விண்ணப்பம் எழுதலாம், அந்தக் காலம் விண்ணப்பங்களின் காலம். இந்திய தேசியக் காங்கிரஸ் தோன்றி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அதன் மூன்றாம் மாநாடு 1887 டிசம்பரில் இந்தச் சென்னையிலேயே நடந்தது. புச்சிபாபு ஒதுங்கவும் இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை. 1888ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் கழகத்தை நிறுவினார். சேப்பாக்கத்தில் எவையெவை இருந்தனவோ அவையனைத்தும் இந்தியர்க்கும் வேண்டும் என்பதே அவர் கொண்ட திட்டம். சமன்செய்த ஆடுகளம், முறையான மட்டை, காலுறை, கையுறை, உடை மாற்ற ஓர் இடம், வெள்ளுடை. வேட்டியை மடித்துக் கட்டி வெறுங்காலோடு ஆடியவர்களை விதிப்படி ஆடும் அணியாக ஆக்குவதற்குத் தம் கைப்பொருளையே செலவிட்டார்.

கழகம் அமைந்த இடமும் கருதத்தக்கது. எஸ்பிளனேடு என்னும் வெளியில் அது இருந்தது. பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்ட காலத்திற்குப் பின், கோட்டையின் பீரங்கிகளுக்குப் பார்வை மறையாதிருக்க வேண்டும் என்று வீடுகளை இடித்து வெறுமையாக்கப்பட்ட நிலம் அது. ஒரு பக்கம் வெள்ளையரின் கோட்டை. மறு பக்கம் கருப்பர் பட்டணம் என்று அவர்களே பெயரிட்ட நகரம். இரண்டுக்கும் இடையே குண்டு பாய்வதற்கென விடப்பட்ட அகன்ற வெளியில் புச்சிபாபு ஆடுகளம் அமைத்தார். அவர் இதையெல்லாம் எண்ணித்தான் இடம் தேர்ந்தார் என்று சொல்வது மிகை. நகரின் நடுவே காலியாக இருந்த இடம் அது, அவ்வளவே. ஆனால் கவிஞர்கள் இத்தகைய தற்செயல்களைக் கடந்துபோக மாட்டார்கள்.

அந்த வெளியை நோக்கி நின்ற கல்விச்சாலைகளுள் ஒன்று சென்னைக் கிறித்துவக் கல்லூரி. இன்று தாம்பரத்தின் அடையாளமாக விளங்கும் அக்கல்லூரி 1937ஆம் ஆண்டில்தான் சேலையூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன் நகரின் நெரிசலில், உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இருந்தது. மாணவர்க்குத் திடல் என்று சொல்லிக்கொள்ளப் போதிய இடமில்லை என்பதும் அந்தக் குடிபெயர்ச்சிக்குரிய காரணங்களுள் அடங்கும். புச்சிபாபு காலத்தில் தாம்பரம் ஒரு சிற்றூர். கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்ரயில் ஓடியது 1931ஆம் ஆண்டில்தான். தென்புறம் என்றால் கிண்டியில் ஆளுநர் மாளிகையும் குதிரைப் பந்தயத் திடலும், பரங்கிமலையில் பீரங்கிப் படையின் பாசறையும் நினைவுக்கு வந்த காலம். அங்கெல்லாம் ஆட்டம் இருந்தது. ஆனால் அது ஆட்சியாளரின் ஆட்டம்.

நகரின் கல்லூரிகளிலிருந்து தேர்ந்த இளைஞர்களைப் புச்சிபாபு தம் கழகத்திற்குச் சேர்த்தார். அவர்களுள் பலர் மட்டை வாங்கும் வசதி இல்லாதவர்கள். லஸ் மனையின் திறந்தவெளியிலும் பயிற்சி நடந்தது. தம் புதல்வர்களுக்கும் அங்கேயே பயிற்சி தந்தார். அவரைப் பின்பற்றி வேறு கழகங்களும் எழுந்தன. திருவல்லிக்கேணிக் கழகமும் மயிலாப்பூர்க் கழகமும் பிற்காலத்தில் கொண்ட பகைமை, ஆங்கிலேயரின் உள்நாட்டுப் போரை நினைந்து ரோஜாப் போர் என்றே பெயர் பெற்றது. கோயில் தெப்பத்தில் மட்டுமே போட்டி போட்டுப் பழகிய இரு பேட்டைகள் மட்டையாலும் போட்டியிடத் தொடங்கின.

இதே காலத்தில் பிற இடங்களில் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்டால் சென்னையின் தனித்தன்மை விளங்கும். பம்பாயில் பார்சிகள் 1848ஆம் ஆண்டிலேயே தமக்கெனக் கழகம் கண்டனர். 1886, 1888ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்துக்கே சென்று ஆடினர். ஆயினும் அங்கே கழகங்கள் சமய வாரியாகவே வளர்ந்தன. பார்சிக்கு ஒன்று, இந்துவுக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று என்று பிரிந்து, ஆட்டமும் அவ்வாறே பிரிந்தது. அந்தப் பிரிவினைப் போட்டிகளைக் காந்தியடிகள் 1940ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டி வந்தது. 1946ஆம் ஆண்டோடு அவை முடிந்தன. சென்னையில் புச்சிபாபு தம் கழகத்திற்கு வைத்த பெயரோ ‘யுனைடெட்’. இந்தியர் ஒரு பக்கம், ஐரோப்பியர் மறு பக்கம் என்ற ஒரே கோட்டைத்தான் அவர் ஒப்புக்கொண்டார். அதையும் ஆடுகளத்திற்குள் அழிப்பதற்காகவே ஒப்புக்கொண்டார்.

இங்கிலாந்திலும் விளையாட்டில் வேலி இருந்தது. பந்தைக் கையிலேந்தி ஓடும் ரக்பி ஆட்டத்தில், வடபகுதிச் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும், ஆடும் நாளில் இழந்த கூலிக்கு ஈடு கேட்டனர். கனவான்களின் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் கூடித் தனிச்சங்கம் கண்டன. இன்று ரக்பி லீக் எனப்படும் ஆட்டம் அவ்வாறு பிறந்தது. அங்கே வேலி கூலியால் இடப்பட்டது, இங்கே நிறத்தால். அவர்கள் பிரிந்துபோய் வேறோர் ஆட்டத்தையே ஆக்கிக்கொண்டனர். புச்சிபாபு பிரிந்துபோனது, அதே ஆட்டத்திற்குள் சமமாகத் திரும்பி வருவதற்காக.

இதனால் அவரைப் புரட்சியாளர் என்று போற்றிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. அவர் வென்றெடுக்க விழைந்த சமத்துவம், படித்தவர்க்கும் வசதி படைத்தவர்க்கும் உரிய சமத்துவம். புனா நகரில் பல்வங்கர் பாலூ என்னும் சுழற்பந்தாளர், தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர், இந்துக் கழகத்திற்காக ஆங்கிலேயரை வீழ்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தேநீர் ஓய்வுக்கூடத்திற்கு வெளியே, தனி மண்குவளையில் தரப்பட்டது. அவர் வீசிய பந்தைத் தொட்ட கைகள் அவர் குடித்த குவளையைத் தொடவில்லை. 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட இலக்குகளை வீழ்த்தியவர் அவர். சென்னைக் கழகங்களின் வாயிலிலும் சேரிப் பிள்ளைகள் எதிர்கொண்டு அழைக்கப்படவில்லை. சேப்பாக்கத்து மரத்தடியில் அமர நேர்ந்தவர்களுக்கு, தம் தெருவில் அந்த நிழல்கூடப் பெறாதவர்கள் நினைவில் எழவில்லை. புச்சிபாபுவின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

அவர் எப்படி ஆடினார்? இந்தக் கேள்விக்குத்தான் வரலாறு கைவிரிக்கிறது. கிரிக்கெட் என்பது கணக்கின் ஆட்டம். ஒவ்வொரு ஓட்டமும் ஏட்டில் ஏறும். இருந்தும், முதல்தர ஆட்டப் பட்டியல்களில் புச்சிபாபுவின் பெயருக்கு எதிரே ஓர் ஓட்டமும் இல்லை. அவர் வாழ்ந்தவரை சென்னையில் இந்தியர் ஆடிய எந்த ஆட்டமும் அந்தத் தகுதி பெறவில்லை என்பதே காரணம். சிறந்த மட்டையாளர் என்று அவரோடு ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் மதித்தனர் என்பது மட்டும் எஞ்சியிருக்கிறது. அதே காலத்தில் ரஞ்சித்சிங்ஜி 1896 ஜூலையில் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபர்டு திடலில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடி, 62 ஓட்டங்களும் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்களும் எடுத்தார். இளவரசர்க்கு லண்டன் ஏடுகள் புகழ்மாலை சூட்டின. எஸ்பிளனேடு வெளியில் ஓர் இந்தியர் அடித்த ஓட்டத்தை எழுதி வைக்க ஏடு இல்லை. நாட்டார் பாடகனைப்போல் அவர் ஆட்டம் கேட்டவர் செவியோடும் கண்டவர் கண்ணோடும் போயிற்று.

1908ஆம் ஆண்டு வந்தது. தமிழகம் அந்த ஆண்டை எளிதில் மறவாது. மார்ச் மாதத்தில் வ.உ.சிதம்பரனார் சிறைப்பட்டார்; திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன; துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஜி.சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று அடைக்கலம் புகுந்தார். கப்பல் ஓட்டிய மனிதரைச் செக்கிழுக்க வைத்த ஆட்சியின் உறுப்பினர்களோடு பந்தாட்டம் ஆடுவதற்குப் புச்சிபாபு அந்த ஆண்டில் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார்.

இது நெருடத்தான் செய்கிறது. நெருடல் இருக்கவும் வேண்டும். வ.உ.சி. ஆங்கிலேயரின் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டார்; புச்சிபாபு அவர்களின் கழகத்திற்கு எதிராகக் கழகம் கண்டார். முன்னது அவர்களின் வாணிகத்தைத் தாக்கியது. ஆகவே தண்டனை வந்தது. பின்னது அவர்களின் செருக்கை மட்டுமே தொட்டது. ஆகவே பேச்சுக்கு இடமிருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஆனால் செருக்கைத் தொடுவதும் சிறு காரியமன்று. ஆண்டவனும் ஆளப்படுபவனும் ஒரே விதிக்கு உட்பட்டு, ஒரே நடுவரின் விரலுக்குத் தலைவணங்கி, வெயிலில் நாள் முழுதும் எதிரெதிரே நிற்பதென்றால், அந்த நாள் முழுதும் ஆட்சி என்பது எல்லைக்கோட்டிற்கு வெளியே நிற்க வேண்டியதாகிறது. நடுவர் கை உயர்த்தினால் கலெக்டரும் வெளியேறித்தான் ஆக வேண்டும்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் சார்பில் பேசியவர் பி. டபிள்யூ. பார்ட்ரிட்ஜ் என்னும் வழக்கறிஞர். இந்தியரிடம் நட்புணர்வு கொண்டவர். பம்பாயில் ஐரோப்பியரும் பார்சிகளும் 1892 முதல் ஆடிவந்ததைப் போன்று, சென்னை மாகாணத்தின் இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் இடையே மாகாணப் போட்டி ஒன்று நிகழ வேண்டும் என்பதில் இருவரும் உடன்பட்டனர். இடம் சேப்பாக்கம். காலம் 1908 டிசம்பர் இறுதி. மரத்தடியிலிருந்து ஓய்வுக்கூடப் படிவரை உள்ள சில கஜ தூரத்தைக் கடக்க இருபது ஆண்டுகள் ஆயின.

அணி சேர்ந்தது. ஆட்டத்திற்குச் சில நாட்களே இருந்தன. அந்த டிசம்பரில் புச்சிபாபு காலமானார். வயது நாற்பது.

ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் எவர்க்கும் தோன்றியிருக்கும். வீட்டில் சாவு நிகழ்ந்தால் பண்டிகையையே விலக்கும் சமூகம் இது. ஆயினும் ஆட்டம் நடைபெற்றது. அவருக்குச் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே என்று அவருடைய தோழர்கள் கருதினர். அவர் இல்லாத இந்திய அணி சேப்பாக்கத்தில் இறங்கியது. ஆட்டத்தின் முடிவு யாருக்குச் சாதகம் என்பது அன்றைய பொழுதில் பெரிதாக இருந்திருக்கும். இன்றைக்கு அது பொருட்டன்று. அவர்கள் எந்த வழியாக உள்ளே நுழைந்தார்கள் என்பதே பொருட்டு.

தொடங்கிய மரபு உடனே வேர் கொள்ளவில்லை. 1915-16ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்துதான் மாகாணப் போட்டி முறையாக நடக்கலாயிற்று. அப்போது முதல் அதற்கு முதல்தரத் தகுதியும் வாய்த்தது. நாளடைவில் அது பொங்கல் விடுமுறையோடு இணைந்து, சென்னைவாசிகளுக்குப் பொங்கல் ஆட்டம் என்றே ஆகிவிட்டது. மாட்டுப் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சேப்பாக்கத்திற்குக் குடும்பத்தோடு செல்வது நகரத்து நடுத்தர மக்களின் வழக்கமாயிற்று. ஆங்கிலேயரின் ஆட்டம் உழவர் திருநாளின் உறுப்பானது. இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு வேறேது? துபாஷியின் பேரப்பிள்ளை தொடங்கிய வேலையை மக்களே முடித்து வைத்தனர்.

சி. கே. நாயுடு அந்த ஆட்டங்களில் இந்தியர் அணிக்கு ஆடியவர்களுள் ஒருவர். 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடைபெற்று ஒரே நாளில் முடிந்தது. முதல் பந்தை வீசிய எம். ஜே. கோபாலன் செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர், ஏ. ஜி. ராம்சிங் 11 இலக்குகளை வீழ்த்தினார். ஆங்கிலேயர் நாட்டை விட்டகன்ற பின்னரும் மாகாணப் போட்டி சில ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பியர் அணிக்கு ஆள் சேர்ப்பது அரிதாயிற்று. 1952ஆம் ஆண்டு ஆட்டத்தோடு அது முடிந்தது. அதே 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில், இந்தியா இங்கிலாந்தை வென்றது. டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவுக்கு அதுவே முதல் வெற்றி.

புச்சிபாபுவின் பெயரிலான போட்டி அவர் மறைவுக்குப் பின் விரைவிலேயே தொடங்கப்பட்டது. முதலில் சென்னைக் கழகங்களுக்கு இடையேயும், பின்னர் நாட்டின் பிற பகுதி அணிகளையும் அழைத்தும் நடந்தது. ரஞ்சிப் பருவம் தொடங்குமுன் தங்களைச் சோதித்துக்கொள்ளப் பிற மாநிலத்தார் சென்னைக்கு வரும் வழக்கம் அதனால் ஏற்பட்டது. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2023ஆம் ஆண்டில் மீண்டும் நடத்தப்பட்டது. ஆட்டங்கள் சேப்பாக்கத்தோடு நில்லாமல் நத்தம், சேலம், கோவை எனத் தமிழகத்தின் பல ஊர்களுக்குப் பரவியிருக்கின்றன.

அவருடைய புதல்வர்கள் ஆட்டக்காரர்களாகவே வளர்ந்தனர். தந்தை மாய்ந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தவர் ராமசுவாமி. வேறு குடும்பத்திற்குத் தத்துக் கொடுக்கப்பட்டதால் கோட்டா ராமசுவாமி எனப் பெயர் பூண்டவர். பந்தடிப்பதில் தந்தையின் வாரிசு. ஆனால் தந்தைக்கு வாய்க்காத ஏடுகள் அவருக்கு வாய்த்தன. கேம்பிரிட்ஜில் படித்தார். 1922ஆம் ஆண்டில் டேவிஸ் கோப்பைக்கான டென்னிஸ் அணியில் இந்தியாவுக்காக ஆடினார். பிறகு 1936ஆம் ஆண்டில், எவரும் எதிர்பாராத வயதில், இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியில் சேர்க்கப்பட்டார். அவர் முதல் டெஸ்ட் ஆடியது ஓல்டு டிராஃபர்டில். ரஞ்சி முதல் டெஸ்ட் ஆடிய அதே திடலில், சரியாக நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அதே ஜூலை மாதத்தில். ராமசுவாமிக்கு அப்போது வயதும் நாற்பது. தந்தையின் ஆயுள் முடிந்த வயது. அந்த ஆட்டத்தில் 40 ஓட்டங்களும் 60 ஓட்டங்களும் எடுத்தார். அடுத்து ஓவல் திடலில் 29. பின்பு ஆட்டமிழக்காமல் 41. அதன் பிறகு அவர் டெஸ்ட் ஆடவில்லை. இரண்டே டெஸ்ட், நான்கே ஆட்டவாய்ப்பு, சராசரி 56.66. புச்சிபாபுவின் குருதி முதல்முறையாக உலகக் கணக்கேட்டில் ஏறியது.

தம் விளையாட்டு நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார் ராமசுவாமி. முதுமையில் சென்னையின் தென்பகுதியான அடையாற்றில் வாழ்ந்தார். 1985 அக்டோபரில் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியே சென்றவர் திரும்பவில்லை. வயது எண்பத்தொன்பது. தேடியும் கிடைக்கவில்லை. கிரிக்கெட்டின் ஆண்டேடாகிய விஸ்டன், பிறப்பும் இறப்பும் குறிக்கும் தன் பட்டியலில், அவர் பெயருக்கு எதிரே இறந்த நாளை எழுத இயலாமல், இறந்திருக்கக்கூடும் என்று மட்டும் குறித்துக்கொண்டது.